பண்டிகைக்கு மட்டும் உங்கள் வீட்டில் செய்யும் பலகாரம் எது? அதோடு ஒட்டிய சிறுவயது நினைவு என்ன?

அச்சு முறுக்கு. நாகர்கோவில் பக்கம் கல்யாண வீடுகளுக்கும் அது போகும். ஆனால் எங்கள் வீட்டு அடுப்பில் அது ஏறுவது கிறிஸ்துமஸுக்கு மட்டும்தான். அதனால் எனக்கு அரையாண்டுத் தேர்வு முடிவது என்றால் அச்சு முறுக்கு என்று பொருள். கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டுக்கு வந்தால் முற்றத்தில் பச்சரிசி ஊறிக்கொண்டிருக்கும்.

மறுநாள் ஆச்சியும் அத்தையும் உரலில் இடிப்பார்கள். டிசம்பர் மழை விடாமல் பெய்தால் மாவு காயாது. சுளவில் பரப்பி அடுப்படியிலேயே வைத்து உலர்த்துவார்கள். தேங்காய்ப்பால், சீனி, முட்டை, உப்பு, எள். ஆச்சி எதையும் அளந்து நான் பார்த்ததில்லை. மாவில் கையை விட்டு எடுப்பாள், விரலில் இருந்து ஒழுகுவதைப் பார்ப்பாள், "இன்னும் கொஞ்சம் பாலு விடு" என்பாள். அவ்வளவுதான் செய்முறை.

அச்சு பித்தளை. பூ மாதிரி இருக்கும், மேலே நீளமாக ஒரு கம்பி. வருஷம் முழுக்க எண்ணெய் தடவி, பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பரணில் கிடக்கும். அதைத் தேங்காய் எண்ணெயில் முக்கிச் சூடேற்றி, மாவில் இறக்கினால் 'சுர்' என்று ஒரு சத்தம். முக்கால் பங்குதான் மாவில் முங்க வேண்டும். விளிம்பைத் தாண்டி மாவு மேலே ஏறிவிட்டால் அது அச்சைக் கவ்விக்கொள்ளும். பிறகு குத்திப் பெயர்த்துத்தான் எடுக்க வேண்டும். சரியாக இறங்கியிருந்தால் எண்ணெயில் வைத்துக் கொஞ்ச நேரத்தில் லேசாக ஒரு உதறல், பூ தானே கழன்று மிதக்கும். அந்த உதறலை நான் எத்தனை மணிநேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

உட்கார்ந்ததற்கு வேறு காரணமும் உண்டு. எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது: "முழுசு ஊருக்கு, ஒடஞ்சது நமக்கு." முழுப் பூவெல்லாம் நேராகத் தகர டின்னுக்குள் போகும். அது பக்கத்து வீடுகளுக்கு, அப்பாவின் கூட்டாளிகளுக்கு, பாட்டுப் பாடிக்கொண்டு வரும் கேரல் பிள்ளைகளுக்கு. தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும், ரம்ஜானுக்குப் பிரியாணியும் தந்த வீடுகளுக்குத் திரும்பிப் போவதில் ஒன்றுகூட மூளியாக இருக்கக் கூடாது. நாங்கள் ஐந்து பிள்ளைகள் உடைந்ததற்குக் காத்துக் கிடப்போம்.

எதிர்வீட்டில் முட்டை சாப்பிட மாட்டார்கள். அவர்களுக்காக, மாவில் முட்டை ஊற்றும் முன்பே கொஞ்சம் தனியாக எடுத்து முதலில் சுட்டுவிடுவாள் ஆச்சி. முட்டை இல்லாத மாவுக்குப் பிடிமானம் குறைவு, நிறைய உடையும். அச்சும் அப்போதுதான் பழகிக்கொண்டிருக்கும். ஆக, எதிர்வீட்டு ஈடு எங்களுக்கு அறுவடை. அந்த வீட்டு மாமி பரிசுத்தமான சைவமாக இருந்ததற்கு நான் கர்த்தருக்கு நன்றி சொன்ன வருஷங்கள் உண்டு.

எட்டு வயதில் ஒரு உண்மையைக் கண்டுபிடித்தேன். ஆறிய முறுக்கின் நடுவட்டத்தில் கட்டைவிரலை வைத்து மெல்ல அழுத்தினால் 'டிக்' என்று மூன்று துண்டாகப் பிரியும், சத்தம் பக்கத்து அறைக்குக்கூடப் போகாது. சரி, பிறகென்ன? 23ஆம் தேதி மத்தியானம் எல்லாரும் கண் அசந்த நேரத்தில் நானும் சித்தப்பா மகனும் டின்னைத் திறந்தோம். எத்தனை என்று எண்ணவில்லை. மேலடுக்கு முழுக்கத் துண்டானது.

மறுநாள் ராத்திரி கேரல் ரவுண்ட்ஸ் வந்தது. டிரம், கிறிஸ்துமஸ் தாத்தா, பின்னால் ஊர்ப் பிள்ளைகள் பாதி. ஆச்சி டின்னைத் திறந்து தட்டில் அடுக்கினாள். உள்ளே கைவிட்டு எடுக்க எடுக்கத் துண்டுகளாக வந்தன. எங்கள் இரண்டு பேரையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. இருந்த முழுசையெல்லாம் அவர்களுக்குக் கொடுத்து அனுப்பினாள். பிறகு சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடி அடுப்பை மூட்டினாள். மாவு கொஞ்சம் மிச்சம் இருந்தது. மின்சாரம் போய்விட்டதால் நான் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை வலித்தது, மாற்றிப் பிடித்தேன், திட்டுவாள் என்று காத்திருந்தேன். அடுத்த நாள் காலை தட்டு போகவேண்டிய வீடுகளை வாய்க்குள் எண்ணிக்கொண்டே சுட்டாள். கடைசியில் ஒரு முழு முறுக்கை என் கையில் வைத்து, "இந்தா மக்ளே, இத முழுசா தின்னு" என்றாள்.

சூடாக இருந்தது. அதைவிட, எந்த இதழில் கடிக்க ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அதுவரை முழு அச்சு முறுக்கு ஒன்றை நான் தின்றதே கிடையாது.

பிற்பாடு வேலைக்குப் போன இடத்தில் இலங்கை நண்பர் ஒருவர் ஏப்ரலில் ஒரு டப்பா கொண்டுவந்தார். மூடியைத் திறந்தால் எங்கள் வீட்டுப் பூ, மஞ்சள் தூள் போட்ட நிறத்தில்! கொக்கிஸ் என்றார்; சித்திரைப் புத்தாண்டுக்குச் செய்வார்களாம், பேர் டச்சுக்காரர்களிடமிருந்து வந்ததாம். கேரளத்தில் இதுவே அச்சப்பம், ஆந்திராவில் குலாபி புவ்வுலு, ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் ரோஸ் குக்கி. ஸ்வீடன், நார்வே பக்கமும் கிறிஸ்துமஸுக்கு இதே போல அச்சை மாவில் முக்கிப் பொரிக்கிறார்கள். எனக்கு இதெல்லாம் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. ஆச்சி கண்டுபிடித்தது என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆச்சி போய் வருஷம் பல ஆகிவிட்டது. அச்சு இப்போது என்னிடம், சென்னையில். நான் அளந்துதான் செய்கிறேன்: அரைக் கிலோ அரிசி மாவுக்கு 200 கிராம் சீனி, 3 முட்டை, ஒரு தேங்காயின் கெட்டிப் பால், ஒரு கரண்டி எள். தோசை மாவைவிடக் கொஞ்சம் இளக்கமாக இருக்கட்டும். அச்சு ஒவ்வொரு தடவையும் சூடாக இருக்க வேண்டும், ஆனால் புகையக் கூடாது. புது அச்சு வாங்குகிறவர்கள் ஒரு ராத்திரி சோற்றுக் கஞ்சியில் போட்டு, அப்புறம் எண்ணெயில் ஊறவையுங்கள். இல்லாவிட்டால் முதல் நாள் முழுக்க மாவைச் சுரண்டிக்கொண்டிருப்பீர்கள். ஆறின உடனே காற்றுப் புகாத டப்பாவில் போட்டுவிடுங்கள், வெளியே கிடந்தால் நமத்துப்போகும்.

போன கிறிஸ்துமஸுக்கு எல்லாம் ஒழுங்காகக் கழன்று விழுந்தன. நாற்பத்தி சொச்சம், ஒன்றுகூட மூளி இல்லை. மகள் பக்கத்து ஃப்ளாட்டுகளுக்கு டப்பா அடுக்கிக்கொண்டே இருந்தவள் நிமிர்ந்து, "அப்பா, ஒடஞ்சதே இல்லையே, நமக்கு எது?" என்றாள்.

நான் ஒன்றை எடுத்து நடுவட்டத்தில் கட்டைவிரலை வைத்தேன்.