வாசகர் கேள்வி: இணைப்பு கூடாது என்கிறார்களே!

கேள்வி: முதல் நாவலை எழுதி முடித்துவிட்டேன். இலக்கிய முகவர் (எழுத்தாளருக்காகப் பதிப்பகங்களிடம் பேசுகிறவர்) ஒருவர் முதல் 10 பக்கங்களை இணைப்பாக அனுப்பாமல் மின்னஞ்சலுக்குள்ளேயே ஒட்டி அனுப்பச் சொல்கிறார். வேர்டில் டைம்ஸ் நியூ ரோமன், 12 புள்ளி, இரட்டை வரி இடைவெளி என்று அழகாக வைத்திருந்தேன். ஒட்டினால் எல்லாம் கலைந்துவிடுகிறது. எப்படிச் சரிசெய்வது?

பதில்: சரிசெய்யாதீர்கள், கலையட்டும். அந்த ஒழுங்கெல்லாம் தாளுக்கும் வேர்ட் கோப்புக்கும் உரியது. முன்பின் தெரியாதவர் அனுப்பும் இணைப்பில் வைரஸ் இருக்கலாம் என்று பல முகவர்கள் அதைத் திறப்பதே இல்லை. கோப்பாகவே கேட்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கு உங்கள் டைம்ஸ் நியூ ரோமன் அப்படியே போகட்டும்.

வேர்டிலிருந்து நேராக ஒட்டினால் கண்ணுக்குத் தெரியாத வடிவமைப்புக் குறிகளும் ஒட்டிக்கொண்டு வரும். முதலில் நோட்பேடில் ஒட்டி, அங்கிருந்து எடுத்து மின்னஞ்சலில் போடுங்கள். பத்தித் தொடக்கத்தில் உள்தள்ளல் வேண்டாம். பத்திக்குப் பத்தி ஒரு வரி காலியாக விட்டால் போதும்.

இங்கேதான் நான் ஒரு தடவை மாட்டிக்கொண்டேன். காட்சி மாறும் இடத்தை வெறும் காலி வரியால் காட்டுவது என் பழக்கம். எல்லாப் பத்திகளுக்கு நடுவிலும் காலி வரி வந்ததும் அந்த வித்தியாசமே அழிந்துபோனது. ஒரு பத்தியில் செத்துப்போன அப்பா, அடுத்த பத்தியில் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினார். அது பழைய நினைவு என்பது எனக்குத் தெரியும், படிக்கிறவருக்கு எப்படித் தெரியும்? அனுப்பி இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்தேன். பதில் வரவே இல்லை. அப்பாவால்தானோ என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். அதனால் காட்சி மாறும் இடத்தில் # என்ற குறியைத் தனி வரியில் போட்டுவிடுங்கள். சாய்வெழுத்தும் நோட்பேடில் காணாமல் போகும். சாய்வு அவசியம் என்றால் அந்தச் சொல்லின் இரு பக்கமும் _இப்படி_ அடிக்கோடு வைக்கலாம்.

10 பக்கம் என்றால் இரட்டை இடைவெளியில் உள்ள 10 பக்கம்தான். ஆங்கிலத்தில் சுமார் 2,500 சொற்கள். இடைவெளியைக் குறைத்து 20 பக்கத்தைத் திணிக்கும் தந்திரத்தை முகவர்கள் நிறையப் பார்த்திருப்பார்கள். பத்தாம் பக்கம் வாக்கியத்தின் நடுவில் முடிந்தால், அந்தப் பத்தியோடு நிறுத்துங்கள்.

அறிமுகக் கடிதம் மேலே, அதன் கீழே உங்கள் பெயரும் தொலைபேசி எண்ணும், பிறகு பக்கங்கள். தபால் கடிதம் மாதிரி முகவரியும் தேதியும் மேலே வேண்டாம், திறந்தவுடன் தெரிகிற இடத்தை அவையே தின்றுவிடும். மின்னஞ்சலின் தலைப்பு வரியில் என்ன எழுத வேண்டும் என்று முகவர் சொல்லாவிட்டால், நாவலின் பெயரும் வகையும் போதும்.

அப்புறம், பெறுநர் பெட்டியில் முகவரின் முகவரியைக் கடைசியில் போடுங்கள். முதலில் உங்களுக்கே அனுப்பி, கைபேசியிலும் கணினியிலும் திறந்து பாருங்கள். வேர்டின் வளைந்த மேற்கோள் குறிகள் சில சமயம் கேள்விக்குறிகளாகிப் பல்லிளிக்கும். அப்படி இருந்தால் நேரான குறிகளாக மாற்றிவிட்டு, இன்னொரு தடவையும் உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள்.