ரெக்கார்ட் இழைப்புளிகளும் வைஸ்களும்: சுங்கை சிப்புட் நண்பர்களுக்குப் பதில்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களின் பழைய பட்டறைச் சாமான்களிலிருந்து ‘ரெக்கார்ட்’ கைக்கருவிகளைச் சேர்த்து வருபவன் என்ற முறையில், என்னிடம் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: ஐயா, என் அப்பா தோட்டத்து ரப்பர் தொழிற்சாலைப் பட்டறையில் வேலை பார்த்தவர். அவருடைய பெட்டியில் நீல நிற இழைப்புளி ஒன்று இருக்கிறது. ‘ரெக்கார்ட் 05’ என்று வார்ப்பிலேயே எழுதியிருக்கிறது. எவ்வளவு பழையது?

பதில்: தம்பி, அது இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் ஹாம்ப்டன் சகோதரர்கள் 1898இல் தொடங்கிய நிறுவனத்தின் கருவி. ‘ரெக்கார்ட்’ அவர்கள் 1909இல் பதிவு செய்த வணிகப் பெயர். இழைப்புளி செய்ய 1930களின் தொடக்கத்தில்தான் இறங்கினார்கள். அமெரிக்க ஸ்டான்லி நிறுவனத்தின் வடிவத்தையே பின்பற்றி, அதன் எண்களுக்கு முன்னால் ஒரு பூஜ்யத்தை வைத்துக்கொண்டார்கள். அங்கே 5 என்றால் இங்கே 05. ஏறத்தாழ 14 அங்குல நீளமுள்ள, பலகையின் மேடுபள்ளத்தை முதலில் அடக்குகிற இழைப்புளி.

வயதைக் கணிக்க மூன்று இடங்களைப் பாருங்கள். கைப்பிடி கருஞ்சிவப்பான ரோஸ்வுட் மரத்தில் இருந்தால் அது முந்திய காலத்தது. சாயம் ஏற்றிய பீச் மரமானால் பிந்தியது. அலகைக் கழற்றிப் பார்த்தால் ‘டங்ஸ்டன் ஸ்டீல்’ என்ற முத்திரை சிலவற்றில் தெரியும். அதுவும் பழைய அடையாளம்தான். அலகின் மேல் படுத்திருக்கும் தகடு இரண்டு துண்டாகப் பிரிந்து வருமானால் அதை ‘ஸ்டே-செட்’ என்பார்கள். தீட்டுவதற்காக முன்துண்டை மட்டும் எடுத்துவிட்டுத் திரும்ப அதே இடத்தில் வைக்கலாம். அப்படி ஒன்று உங்கள் பெட்டியில் இருந்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பட்டறையில் பல கருவிகளைக் கழற்றி ஒன்றின் உறுப்பை இன்னொன்றில் பூட்டுவது வழக்கம் என்பதால், ஒரே ஓர் அடையாளத்தை மட்டும் நம்பி வயதை முடிவு செய்ய வேண்டாம்.

கேள்வி: இப்போதும் இந்த இழைப்புளிகள் செய்கிறார்களா?

பதில்: இல்லை. நிறுவனம் ரிட்ஜ்வே நிறுவனத்தோடு இணைந்து, பிறகு அமெரிக்கர் கைக்குப் போனது. ஷெஃபீல்டின் அந்தப் பழைய நீல இழைப்புளி நின்றுவிட்டது. பெயர் மட்டும் வைஸ்களில், அதாவது பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவிகளில், தொடர்ந்தது.

கேள்வி: நான் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறேன். மேசையில் பூட்டுகிற ‘52½’ வைஸ் ஒன்று வந்திருக்கிறது. எடைக்குப் போடுவதா, தனியாக விற்பதா?

பதில்: தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். அது தச்சர்களின் வைஸ், தாடை 9 அங்குல அகலம். முன்பக்கத்தில் கைப்பிடிக்கு அருகே ஒரு சிறிய நெம்புகோல் இருக்கும். அதை அழுத்தினால் உள்ளே திருகைக் கவ்விக்கொண்டிருக்கும் பாதி மரை விலகிவிடும். தாடையைச் சுற்றிச் சுற்றித் திருகாமல் ஒரே இழுப்பில் நகர்த்தலாம். நெம்புகோலை விட்டதும் மரை மறுபடியும் கவ்வ வேண்டும். ஒரு மரக்கட்டையை வைத்து இறுக்கிப் பாருங்கள். வழுக்கினால் உடனே தேய்மானம் என்று தள்ளிவிட வேண்டாம். பல வைஸ்களில் மரையின் பற்களுக்குள் பழைய கிரீசும் மரத்தூளும் இறுகிக் கிடப்பதுதான் காரணம். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்த பிறகு சோதியுங்கள். வார்ப்பில் விரிசல் இல்லாமல் இருந்தால் தச்சு வேலை செய்பவர் எவரும் மகிழ்ச்சியாக வாங்கிப்போவார்.

கேள்வி: நம் ஊர் ஈரக்காற்றில் துரு ஏறிக்கொண்டே இருக்கிறது. எப்படி நீக்குவது?

பதில்: லேசான துருவுக்கு மண்ணெண்ணெயும் மெல்லிய உருக்குப் பஞ்சும் போதும். தடித்த துரு ஏறிய அலகு, திருகு போன்ற வெற்று இரும்பு உறுப்புகளை மட்டும் ஓர் இரவு வினிகரில் ஊறவைக்கலாம். பித்தளை உறுப்புகளை முன்கூட்டியே கழற்றிவிடுங்கள். நீலப் பூச்சு உள்ள உடலை அதில் போட வேண்டாம். எடுத்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, வெயிலில் முழுமையாக உலர்த்தி, அந்தச் சூட்டோடே மெஷின் எண்ணெய் பூசுங்கள். ஈரத்தோடு அரை மணி நேரம் விட்டாலும் புதுத் துரு படிந்துவிடும். தோலுறையில் வைக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுக்கும்.

கேள்வி: புதுசாக நீல பெயின்ட் அடித்துவிட்டால் அழகாக இருக்குமே?

பதில்: அடிக்காதீர்கள், அம்மா. பழைய பூச்சுதான் கருவியின் வரலாற்றைக் காட்டுகிறது. அதன் மேல் பூசினால் சேகரிப்பவர்கள் மதிக்க மாட்டார்கள். அதில் ஈயம் கலந்திருக்கக்கூடும் என்பதால் உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் ஆபத்து.

கேள்வி: தச்சுத் தொழில் படிக்கும் மாணவி நான். மெராந்திப் பலகையை இழைத்தால் நார் பிய்ந்து வருகிறது. கருவி பழையது என்பதாலா?

பதில்: கருவியின் குறை அல்ல, மகளே. மெராந்தியில் நார்கள் மாறி மாறிச் சாய்ந்திருக்கும். ஒரு பக்கம் வழுவழுப்பாக வரும் இடத்திற்கு அடுத்தே மறுபக்கம் பிய்த்துக்கொள்ளும். முதலில் அலகை முன்கை மயிர் மழிக்கும் அளவுக்குத் தீட்டுங்கள். பிறகு மேல்தகட்டின் விளிம்பை அலகின் கூர்முனைக்கு ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் நெருக்கத்தில் வைத்து இறுக்குங்கள். இப்போது சீவல் எழுந்த உடனேயே அந்த விளிம்பில் மோதி மடங்கும். மரத்தை முன்கூட்டியே பிளக்க அதற்கு வலு இருக்காது. அலகுக்கும் மேல்தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் சீவல் அங்கே சிக்கும். அப்படித் தெரிந்தால் மேல்தகட்டின் அடிவிளிம்பைக் கல்லில் தேய்த்துச் சமன் செய்யுங்கள்.

கேள்வி: உடைந்த கைப்பிடிக்கு ரப்பர் மரம் பயன்படுமா? திருகும் வேண்டும்.

பதில்: பூஞ்சைக்கும் துளைப்பூச்சிக்கும் பதப்படுத்திய ரப்பர் மரமானால் தாராளமாகப் பயன்படும், பழைய பீச் கைப்பிடிக்கு அது நெருங்கிய பொருத்தம்தான். திருகில்தான் கவனம் தேவை. அந்தக் காலத்து இங்கிலாந்து மரை இன்றைய மெட்ரிக் அளவில் வராது. ஹார்ட்வேர் கடைத் திருகை வலிந்து ஏற்றினால் வார்ப்பின் மரையே அழிந்துபோகும். இன்னொரு உடைந்த ரெக்கார்ட் கிடைத்தால் அதிலிருந்து எடுத்துப் போடுங்கள்.