மாலையின் நிறத்தை மாற்றுவது பக்கத்து நிறம்

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் வீட்டிலிருந்தபடியே பாசிமணி மாலை, பட்டுநூல் ஜிமிக்கி செய்து விற்கிறேன். ஏற்காடு கோடை விழாவின்போது அங்கும் சிறு கடை போடுகிறேன். வீட்டில் கோக்கும்போது பளிச்சென்று தெரியும் மாலை, கடையில் பரப்பினால் எடுபடுவதில்லை. கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார்கள். வாட்ஸ்ஆப் படத்தைப் பார்த்து வாங்கிய மூன்று பேர், "படத்தில் இருந்த நிறம் இதுவல்ல" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நிறங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: சகோதரி, நீங்கள் அனுப்பிய ஆறு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். கோப்பு நேர்த்தி, முடிச்சு எங்கும் பிசகவில்லை. படங்களில் மாலைகளுக்கு அடியில் விரித்திருக்கிறீர்களே சிவப்பு வெல்வெட், முதலில் அதைப் பற்றித்தான் பேசவேண்டும்.

பாரிஸில் கோபலின் என்ற புகழ்பெற்ற திரைச்சீலை நெசவாலை உண்டு. அதன் சாயப் பிரிவுக்கு மிஷெல் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் பொறுப்பாளராக இருந்தார். கறுப்பு நூலில் ஆழமில்லை, சாயம் சரியில்லை என்று அவரிடம் புகார் வந்தது. சாயத்தைச் சோதித்தார்; குறையே இல்லை. அந்தக் கறுப்புக்குப் பக்கத்தில் நெய்திருந்த நிறங்கள்தாம் அதை வெளிறச் செய்தன. ஒரு நிறம் தன் அண்டை நிறத்தைத் தனக்கு எதிரான நிறத்தின் பக்கம் (சிவப்பு என்றால் பச்சையின் பக்கம்) தள்ளுகிறது என்று 1839-இல் விரிவாக எழுதி வெளியிட்டார்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரே சரத்திலிருந்து இரண்டு சிவப்பு மணிகளை எடுங்கள். ஒன்றைப் பச்சை ரவிக்கைத் துணிமேலும் மற்றொன்றை ஆரஞ்சுத் துணிமேலும் வையுங்கள். பச்சையின்மேல் இருப்பது கனல்போல் எரியும். ஆரஞ்சின்மேல் இருப்பது சற்று ஊதா கலந்து மங்கும். மணி ஒன்றுதான், மாறியது அண்டை.

வீட்டில் வெள்ளைத் துண்டின்மேல் வைத்துக் கோத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கடையில் அதே மாலை சிவப்பு வெல்வெட்டுக்குப் போகிறது. உங்கள் சிவப்பு மணிகள் அதில் மூழ்கிவிடுகின்றன, ரோஜா நிறம் சோகை பிடித்ததுபோல் ஆகிறது, பச்சை மட்டும் கத்துகிறது. நகைக்கடை என்றால் சிவப்பு வெல்வெட் என்பது தங்கத்தை வைத்து வந்த பழக்கம். தங்கத்துக்கு அது பொருந்தும். பல நிறப் பாசிக்குப் பொருந்தாது. வெளுக்காத காடாத் துணியோ சாம்பல் நிறப் பருத்தியோ இரண்டு மீட்டர் வாங்கி விரியுங்கள். எந்தப் பக்கமும் இழுக்காத நிறம் அது.

படப் பிரச்சினைக்கும் பாதிக் காரணம் இதே வெல்வெட்தான். செல்பேசி கேமரா, எதிரே உள்ள நிறங்களின் சராசரியைப் பார்த்து ஒளியின் சாயலைத் திருத்திக்கொள்கிறது. திரை முழுக்கச் சிவப்பாக இருந்தால், வெளிச்சமே சிவப்பு என்று எண்ணிப் படத்தை நீலப் பச்சைப் பக்கம் திருப்பிவிடும். மீதிக் காரணம் விளக்கு. எல்.இ.டி. பெட்டியில் 3000 கெல்வின் என்றிருந்தால் மஞ்சள் ஒளி, 6500 என்றால் நீலம் கலந்த வெண்மை. இரண்டும் எரியும் அறையில் படம் எடுக்கவே எடுக்காதீர்கள். விளக்கை அணைத்துவிட்டு, நேர்வெயில் விழாத ஜன்னலோரம் காலையில் எடுங்கள்.

இனி மாலைக்கு வருவோம். ஆறு மாலைகளிலும் சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள், ரோஜா ஆகிய ஐந்தும் சம எண்ணிக்கையில் வருகின்றன. ஐந்து பேர் ஒரே குரலில் பேசினால் எவர் பேச்சும் காதில் விழாது. ஒரு நிறம் ஆளட்டும், மற்றொன்று துணை நிற்கட்டும், மூன்றாவது இங்கொன்றும் அங்கொன்றுமாக வந்தால் போதும்.

ஏற்காட்டில் அறுவடைக் காலத்துக் காப்பிச் செடியைப் பார்த்திருப்பீர்கள். கிளை முழுக்கக் கரும்பச்சை இலை. கணுக்களில் மட்டும் கொத்தாகச் சிவப்புப் பழம். நிறங்களை வட்டமாக அடுக்கிய வண்ணச் சக்கரத்தில் சிவப்பும் பச்சையும் நேரெதிர். எதிர் நிறங்கள் ஒன்றையொன்று தூண்டும், அதனால்தான் தூரத்திலிருந்தே பழம் கண்ணில் படுகிறது. இலையும் பழமும் சரிபாதியாக இருந்தால் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலையும். நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரத்தின் இலை காற்றில் புரளும்போது அடிப்புறம் வெள்ளிபோல் தெரியுமே, அந்தச் சாம்பல் வெள்ளையை மணிகளுக்கு இடையில் ஓய்வாக வைக்கலாம். கரும்பச்சை, வெள்ளி, ஐந்தாறு சிவப்பு. ஏற்காட்டுக் கடைக்கு இதைவிடப் பொருத்தமான மாலை எனக்குத் தோன்றவில்லை.

பொன்னிற மணிகளையும் நிறமாகவே கணக்கில் கொள்ளுங்கள்; அது மஞ்சள். அதற்கு எதிர் கத்தரிப்பூ நிறம், அதனால் இரண்டும் சேர்ந்தால் உடனே எடுக்கும். மஞ்சள் வெளிச்சம் மிகுந்தது என்பதால் ஒரு பங்கு மஞ்சளுக்கு மூன்று பங்கு ஊதா என்று பழைய கணக்கு ஒன்று உண்டு. பொன்னோடு சிவப்பும் ஆரஞ்சும் உறவு நிறங்கள், அமைதியாகச் சேரும். வெள்ளிக்குத் தனிச் சாயல் இல்லை. உங்கள் சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுகளில் எந்த நிற எனாமலும் இடைஞ்சலின்றி உட்கார்வதைப் பாருங்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் மற்றது எல்லாம் வீண்: கருமை, வெண்மை. கோத்த மாலையைச் செல்பேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக மாற்றிப் பாருங்கள். உங்கள் நான்காவது மாலையை நான் மாற்றிப் பார்த்தேன். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒரே சாம்பலாகி, மாலை ஒரு கயிறுபோல் தெரிந்தது. மணிக்கு மணி நிறம் மாறியதே தவிர, வெளிச்ச அளவு மாறவில்லை. நான்கடி தள்ளி நடந்துபோகிறவருக்கும் ஏறக்குறைய அப்படித்தான் தெரியும். வெளிர் மணி சிலவும் கருமணி சிலவும் சேர்ந்தால்தான் வடிவம் துலங்கும்.

ஏற்காட்டில் பனி இறங்கும் மாலை நேரத்தில் மெரூன் மாலைகள் விற்காமல் நிற்கின்றனவா? மங்கிய ஒளியில் நம் கண்ணுக்குச் சிவப்பு கறுத்துவிடும், நீலமும் பச்சையும் வெளிச்சமாகத் தெரியும். புர்கின்யே என்ற செக் நாட்டு அறிஞர், விடியற்காலையில் செந்நிறப் பூக்கள் கறுத்துத் தெரிவதைப் பார்த்து 19-ஆம் நூற்றாண்டிலேயே இதைக் குறித்துவைத்தார். பொழுது சாயும்போது மயில்கழுத்து, கிளிப்பச்சை மாலைகளை முன்வரிசைக்குக் கொண்டுவாருங்கள். மெரூனுக்கு நேர்மேலே மஞ்சள் ஒளி விளக்கு ஒன்று வேண்டும்.

விற்கும்போது இன்னொன்று. வாங்குகிறவர் மாலையை மட்டும் பார்ப்பதில்லை. வீட்டில் இருக்கும் புடவையை மனத்தில் வைத்துப் பார்க்கிறார். சேலம் பக்கத்து இளம்பிள்ளை ஊர்ப் புடவைகளில் ஓடும் அரக்கு, மாம்பழ மஞ்சள், வாடாமல்லி, வெங்காயத்தோல் நிறங்களில் அரை மீட்டர் துணித்துண்டுகளைக் கையோடு வைத்திருங்கள். "எந்தப் புடவைக்கு அம்மா?" என்று கேட்டு, அந்தத் துண்டின்மேல் மாலையை வைத்துக் காட்டுங்கள். புடவையின் உடல் நிறத்தையே மாலையிலும் திருப்பிச் சொல்லாமல், கரையின் நிறத்தை எடுத்தால் பெரும்பாலும் சரியாக அமையும்.

இருக்கிற ஆறையும் பிரித்துவிட வேண்டாம். மூன்றாவது மாலையை மட்டும் அவிழ்த்து, மஞ்சளையும் ரோஜாவையும் எடுத்துவிட்டு, பச்சையை இரட்டிப்பாக்கி, நீலத்துக்குப் பதில் வெள்ளி மணி சேர்த்துக் கோத்துப் பாருங்கள். காடாத் துணியில் வைத்து, ஜன்னலோரம் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.