பத்திரிகையாளர்களைக் கைது செய்யாத நாட்டில் பத்திரிகைச் சுதந்திரம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

அப்படிச் சொல்லிவிட முடியாது. 12 வருடம் நிருபராக இருந்தேன். ஒருநாளும் என்னை யாரும் கைது செய்ததில்லை, மிரட்டியதுகூட இல்லை. ஆனாலும் எழுத முடியாமல் போன செய்திகள் ஏராளம். (சிறைக்குப் போனவர்கள் படும் பாட்டோடு இதை ஒப்பிடவில்லை.)

ஒரு ஒப்பந்தப் பணி யாருக்கு, எவ்வளவுக்குப் போனது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டிருந்தேன். சட்டப்படி 30 நாள் கெடு. 29ஆம் நாள் பதில் வந்தது: "கோரிய தகவல் தொகுக்கப்பட்ட வடிவில் இல்லை." ஒரே வரி, கீழே முத்திரை. மேல்முறையீடு போனேன். காகிதங்கள் கைக்கு வருவதற்குள் வேலையும் முடிந்து, பில்லும் பாஸாகிவிட்டது. "பழைய கதையாச்சேப்பா" என்றார் ஆசிரியர். அவர் மேல் தப்பில்லை. தரமாட்டோம் என்று முகத்தில் அடித்தாற்போல் மறுத்திருந்தால் அதையாவது செய்தியாக்கியிருப்பேன்.

கொடுத்தும் கொடுக்காமல் இருப்பது இன்னொரு வித்தை. பிரிட்டன் எம்.பி.க்களின் செலவுக் கணக்கைக் கேட்டு ஹெதர் ப்ரூக் என்ற பத்திரிகையாளர் வருடக்கணக்கில் போராடி, 2008இல் உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார். 2009 ஜூனில் நாடாளுமன்றம் வெளியிட்ட தாள்களில் பக்கம் பக்கமாகக் கறுப்புக் கோடு. அந்தரங்கம் என்று வீட்டு முகவரிகளை மறைத்திருந்தார்கள். கோளாறே அந்த முகவரிகளில்தான்! எது 'இரண்டாவது வீடு' என்பதை மாற்றி மாற்றிக் காட்டிச் சிலர் அந்த வீட்டுச் செலவுக்கான படியை வாங்கியிருந்தார்கள். மே மாதமே கணக்குகள் டெய்லி டெலிகிராஃபுக்குக் கசிந்திருந்ததால்தான் ஊருக்குத் தெரிந்தது.

அதனால்தான் 'தனிப்பட்ட தகவல்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு உறுத்தும். இந்தியாவில் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(j) பிரிவுப்படி, பொதுப் பணியோடு தொடர்பில்லாத அல்லது தேவையில்லாமல் அந்தரங்கத்தில் தலையிடுகிற தனிப்பட்ட தகவலை மறுக்கலாம் என்று இருந்தது. 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த நிபந்தனைகளை எடுத்துவிட்டது. பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்னும் 8(2) இன்னும் இருக்கிறது, சரி. ஆனால் அதை நிலைநாட்டும் பாடு கேட்பவன் தலையில்தான் விழும்.

அமெரிக்காவிலும் 2025 அக்டோபரில், பாதுகாப்புத் துறைத் தலைமையகமான பென்டகன் செய்தி சேகரிப்பைக் கட்டுப்படுத்திக் கொண்டுவந்த புதிய விதிகளுக்குக் கையெழுத்துப் போட மறுத்து, பெரும்பாலான ஊடகங்களின் செய்தியாளர்கள் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார்கள். அங்கேயும் யாரும் கைதாகவில்லை.

என் அளவில் நடந்தது இதைவிடச் சின்னது. பிரஸ்மீட்டில் ஒரு கேள்வி கேட்டேன். அன்று இரவே அந்த அலுவலகத்தின் வாட்ஸ்அப் குழுவில் நான் இல்லை. அப்புறம் அடுத்த பிரஸ்மீட் எத்தனை மணிக்கு என்று போட்டிப் பத்திரிகை நண்பருக்குப் போன் போட்டேன். நேரத்தைச் சொன்னவர், குரலைத் தாழ்த்தி, "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க" என்றார்.