இரவில் வீட்டுக்குள் புகுந்த திருடனைத் தாக்கி அவன் இறந்துவிட்டால் அது கொலையா?

எப்போதும் கொலை என்று சொல்ல முடியாது. உயிரையும் உடைமையையும் காக்கத் தேவையான அளவு பலத்தைப் பயன்படுத்தும் உரிமைதான் தற்காப்புரிமை. 1.7.2024 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தில் 34 முதல் 44 வரையான பிரிவுகள் இதைச் சொல்கின்றன. காரணம் எளிது: 100-க்கு அழைத்தாலும் போலீஸ் வரும்வரை கத்தி காத்திருக்காது.

வீட்டைப் பொறுத்தவரை 41-வது பிரிவுதான் முக்கியம். கொள்ளை, குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைப்பது, சூரியன் மறைந்து உதிக்கும் முன் பூட்டையோ கதவையோ உடைத்துப் புகுவது, உயிர்ப்பயமோ கொடுங்காயப் பயமோ நியாயமாக எழும்படியான திருட்டு, அத்துமீறல் ஆகியவற்றில் எதிராளி இறக்கும் அளவுக்கும் இந்த உரிமை நீளும். அங்கும் தேவைக்கு மேல் ஓர் அடிகூடக் கூடாது.

தீயணைக்கத் தண்ணீர் ஊற்றுவதைப் போலத்தான் இது. தீ அணைந்தால் குடத்தை இறக்கிவிட வேண்டும். பெரம்பூர் வீட்டில் பின்பக்க கிரில்லை அறுத்து அரிவாளோடு நிற்பவனை உலக்கையால் அடிப்பது தற்காப்பு. அவன் அரிவாளைப் போட்டுவிட்டுத் தெருமுனைக்கு ஓடியபின் துரத்தி மண்டையில் அடித்தால் வழக்கு உங்கள் மேல்தான். தற்காப்பு என்று காட்டும் பொறுப்பும் உங்களுடையதே; அறுந்த கிரில்லையும் அரிவாளையும் தொடாமல் விடுங்கள்.

வீட்டுக்குள் கால் வைத்த யாரையும் கொல்லலாம் என்று பலர் நினைப்பது தவறு: பகலில் திறந்த கதவு வழியே வந்து செல்போனை எடுப்பவனைத் தடுக்கலாம், பிடிக்கலாம், கொல்ல முடியாது.