ஆளில்லாத வண்டியில் ஏறலாமா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஓட்டுநர் இல்லாமல் ஓடும் ‘பாட்’ என்ற சின்ன வண்டியைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். இந்தப் பகுதிக்கு வழக்கமாக வயரிங், மின்கட்டணம், தண்ணீர் பம்பு பற்றித்தான் கடிதங்கள் வரும். இந்த முறை பாதிக்கு மேல் அந்த வண்டியைப் பற்றியே வந்திருக்கின்றன. அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே. பம்பு கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐயா, என் மகன் லண்டனில் வேலை செய்கிறான். பேரப்பிள்ளை பிறந்திருக்கிறது, பார்க்கப் போகிறேன். அங்கே இறங்கியதும் ஆளே இல்லாத வண்டியில் தனியாக ஏற வேண்டும் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொல்கிறாள். எனக்கு இங்கிலீஷும் சரியாக வராது. பயமாக இருக்கிறது. – வாசகி, பாகான் டத்தோ

அம்மா, முதலில் பேரப்பிள்ளைக்கு என் வாழ்த்து. பயத்தை இறக்கி வையுங்கள். அந்த வண்டியில் நீங்கள் ஏற வேண்டிய அவசியம் அநேகமாக வராது. ஹீத்ரோவில் அது ஐந்தாம் முனையத்துக்கும் அதைச் சேர்ந்த ஒரு கார் நிறுத்தும் இடத்துக்கும் நடுவில் மட்டும்தான் ஓடுகிறது. மலேசியா ஏர்லைன்ஸில் போனால் நீங்கள் இறங்குவது நான்காம் முனையம், அங்கே பாட் கிடையாது. பிரிட்டிஷ் ஏர்வேஸில் போனால் ஐந்தாம் முனையம். அங்கேயும் பெட்டியை எடுத்துக்கொண்டு கூட்டத்தோடு வெளியே வந்தால் மகன் நிற்பார். அவர் காரை அந்தக் குறிப்பிட்ட பார்க்கிங்கில் விட்டிருந்தால்தான் பாட். அப்போதும் மகன் கூடவே இருக்கிறாரே.

நான் ஏறியது என் மருமகன் காரை அங்கே நிறுத்தியபோது. எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன், பயம் பாதி போய்விடும். நிலையம் என்றால் ஒரு சின்ன கண்ணாடிக் கூடம். கதவுக்குப் பக்கத்தில் ஒரு தொடுதிரை, அதில் போகும் இடத்தைத் தொட வேண்டும். வெளிக்கதவும் வண்டிக் கதவும் சேர்ந்து திறக்கின்றன. உள்ளே எதிரும் புதிருமாக இரண்டு இருக்கை, நாலு பேரும் பெட்டிகளும் தாராளமாக அடங்கும். கூடத்தின் தரையும் வண்டியின் தரையும் ஒரே மட்டம், பெட்டியைத் தூக்க வேண்டாம், சக்கர நாற்காலியும் அப்படியே ஏறும். கதவு மூட ஒரு பொத்தான், புறப்பட ஒரு பொத்தான். வண்டி முதலில் மெதுவாகப் பின்னால் போகிறது, திரும்புகிறது, அப்புறம் கான்கிரீட் பாதையில் ஏறி மணிக்கு 40 கிலோமீட்டர் வரை போகிறது. ஐந்து நிமிடம்தான். ஏதாவது சந்தேகம் என்றால் இன்னொரு பொத்தான் இருக்கிறது, அழுத்தினால் கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் மனிதர் பேசுவார். என் மனைவி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள். பாதி வழியில் பிடி தளர்ந்துவிட்டது.

உங்களுக்கு முழங்கால் வலி இருந்தால் ஒரு வேலை செய்யுங்கள். விமான நிறுவனத்திடம் சக்கர நாற்காலி வேண்டுமென்று குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவிடச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் ஆள் வந்து கூட்டிப் போவார்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள், அதற்குத்தான் அந்த ஏற்பாடு.

தண்டவாளமும் இல்லை, ஓட்டுநரும் இல்லை என்றால் அந்த வண்டி எப்படி வழி தவறாமல் போகிறது? ஒன்றோடு ஒன்று மோதாதா? – ஐந்தாம் படிவ மாணவன், தெலுக் இந்தான்

நல்ல கேள்வி தம்பி. வண்டி மின்கலத்தில் ஓடுகிறது, சக்கரம் சாதாரண ரப்பர் டயர். பாதையின் இரு ஓரமும் கான்கிரீட் விளிம்பு எழுப்பியிருக்கிறார்கள். வண்டியில் உள்ள லேசர் அந்த விளிம்பு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்துகொண்டே போகிறது. தான் எங்கே இருக்கிறோம் என்பது வண்டிக்கு அதனால் தெரியும், ஸ்டியரிங்கை அதுவே திருத்திக்கொள்ளும். அந்தப் பாதையில் காரோ மோட்டார் சைக்கிளோ மனிதனோ குறுக்கே வர முடியாது. ரோட்டில் ஓடும் தானியங்கிக் காருக்கு இருக்கும் தலைவலியில் முக்கால்வாசி இங்கே இல்லாததற்கு அதுதான் காரணம்.

மோதாமல் இருப்பதற்கு இரண்டு ஏற்பாடு. நடுவில் உள்ள கணினி, போகும் இடம் வரைக்கும் ஓர் இடைவெளியை ஒதுக்கிவிட்டுத்தான் வண்டியைக் கிளப்பும். கிளம்பிவிட்டு நடுவழியில் இடம் தேடுகிற பேச்சே இல்லை. இரண்டாவது ஏற்பாடு அந்தக் கணினியை நம்பாத ஒன்று, எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். பாதைக்குள்ளேயே கம்பிச் சுருள்கள் பதித்திருக்கிறார்கள். முன்னால் இடம் காலியாக இருந்தால் மட்டும் அவை வண்டிக்கு ‘போகலாம்’ என்று சமிக்ஞை கொடுத்துக்கொண்டே இருக்கும். சமிக்ஞை நின்றால் பிரேக் பிடித்துவிடும். கம்பி அறுந்தாலும், மின்சாரம் போனாலும், கருவி கெட்டாலும் முடிவு ஒன்றுதான்: வண்டி நிற்கும். செம்பனை ஆலையில் கன்வேயருக்கு எமர்ஜென்சி ஸ்டாப் வயரிங் செய்யும்போதும் இதே முறைதான், மின்னோட்டம் இருந்தால்தான் ஓடும். நீ படித்துவிட்டு எந்த இயந்திரத்தைக் கட்டினாலும் இதை மறக்காதே.

எல்லாம் சரி, நம் கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏவில் ஏன் இந்தப் பாட் வைக்கவில்லை? ஏரோடிரேன் நின்றுபோய் மக்கள் பட்ட பாட்டுக்கு இதையாவது போட்டிருக்கலாமே? – வாசகர், ஊத்தான் மெலிந்தாங்

நம்ம ஊர்க்காரர் கேட்கிறார், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஏரோடிரேனும் ஓட்டுநர் இல்லாத வண்டிதான். 1998-ல் கேஎல்ஐஏ திறந்தபோதே வந்தது. முதன்மைக் கட்டடத்துக்கும் விமானங்கள் நிற்கும் துணைக் கட்டடத்துக்கும் நடுவே ஒரு கிலோமீட்டர் சொச்சம் தூரம், விமானங்கள் ஊர்ந்து போகும் பாதைக்கு அடியில் புகுந்து போகும். அந்தத் தூரத்தில் யார் போகிறார்கள், எப்படிப் போகிறார்கள் என்று பாருங்கள். பெரிய விமானம் ஒன்று இறங்கினால் 300 பேர் ஒரே மூச்சில் வருவார்கள். எல்லோருக்கும் போக வேண்டிய இடம் ஒன்றே. பாட் என்றால் ஆளுக்கு ஒரு வண்டி, தம்பதிக்கு ஒரு வண்டி என்றுதான் ஏறுவார்கள். 300 பேருக்கு எப்படியும் 150 வண்டி வேண்டும். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் 6 நொடிதான் இடைவெளி என்று வைத்துக்கொண்டாலும் கடைசி ஆள் ஏற கால் மணி நேரம் ஆகும். அதற்குள் அடுத்த இரண்டு விமானம் இறங்கியிருக்கும். ஹீத்ரோவில் இருப்பதே மொத்தம் 21 வண்டிதான். ரயில் ஒரே நடையில் 200 பேருக்கு மேல் அள்ளிக்கொண்டு இரண்டு மூன்று நிமிடத்தில் சேர்த்துவிடும். அங்கே ரயில்தான் சரி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பாட் வண்டிக்கு ஏற்ற இடம் வேறு. ஆட்கள் இரண்டு பேர், மூன்று பேராக, நேரம் காலமில்லாமல், பல பக்கமிருந்து வரும் இடம். கார் நிறுத்துமிடம் அப்படிப்பட்டது. அங்கே பஸ் விட்டால் என்ன ஆகும்? ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பஸ் சுற்றும், நமக்கு வேண்டிய நேரத்தில் அது வேறெங்கோ நிற்கும். பாட் வண்டிக்கு நேர அட்டவணை இல்லை. வண்டிதான் நமக்காகக் காத்திருக்கிறது.

இன்னொரு நுட்பம் இருக்கிறது. அதை நம் பக்கத்து ஆட்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். இந்த வட்டாரத் தோட்டங்களில் செம்பனைக் குலையை ஆலைக்குக் கொண்டுவரும் சின்ன ரயிலைப் பார்த்திருப்பீர்கள். குலை ஏற்றும் கூண்டு வண்டிகளை மெயின் லைனிலேயே நிறுத்திவைத்தால் பின்னால் வரும் லோக்கோ, அதாவது இழுத்துவரும் இன்ஜின் எல்லாம் முடங்கிப்போகும். அதனால் பக்கத்தில் ஒரு கிளைத் தண்டவாளம் போட்டு, அதில் ஒதுக்கி ஏற்றுவார்கள். மெயின் லைன் எப்போதும் காலி. பாட் நிலையங்களும் அப்படியே, முக்கியப் பாதையிலிருந்து ஒதுங்கித்தான் இருக்கும். ஒருவர் பெட்டியை ஏற்ற முழிக்கும் நேரத்தில் மற்ற வண்டிகள் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். நடுவில் எங்கும் நிற்காமல் நேராக இடத்துக்கே போக முடிவது இதனால்தான்.

ஆலையின் பட்டறையில் இருந்த காலத்தில் அந்தக் கிளை பிரியும் பாயிண்ட்டுகளைப் பார்க்கும் பொறுப்பு கொஞ்ச நாள் என்னிடம் இருந்தது. மழை பெய்தால் சேறும் உதிர்ந்த பழமும் போய் இடுக்கில் அடைத்துக்கொள்ளும். தட்டை இரும்பால் சுரண்டி, கிரீஸ் தடவி, கையால் இரண்டு முறை தள்ளிப் பார்த்து, பாயிண்ட்டின் அசையும் நாக்கு தண்டவாளத்தோடு ஒட்டி உட்காருகிறதா என்று குனிந்து பார்த்தால்தான் லோக்கோவை விடுவோம். பார்க்காமல் விட்ட அன்று வண்டி கவிழ்ந்து குலை எல்லாம் வாய்க்காலில்.

அதனால்தான் ஏரோடிரேன் விஷயத்தில் நீங்கள் கேட்பதற்கு வேறு மாதிரி பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. 2023 மார்ச் 1-ம் தேதி அது நடுவழியில் நின்று, 114 பயணிகள் இறங்கி நடந்தார்கள். மறுநாளிலிருந்து சேவையே நிறுத்தப்பட்டது. பஸ் விட்டார்கள். புது ரயில்கள் வந்து 2025 ஜூலை 1-ம் தேதிதான் மறுபடி ஓடியது. கால் நூற்றாண்டு ஓடிய இயந்திரத்துக்கு வயதாகும், அதில் அதிசயம் இல்லை. வயதாகும் என்று முன்கூட்டியே தெரிந்த ஒன்றுக்கு மாற்று, அது நிற்கும் முன்பே தயாராக இருந்திருக்க வேண்டும். பஸ்ஸுக்கு நின்ற வயதானவர்களை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு ஆறவில்லை. அந்த இடத்தில் பாட் வைத்திருந்தால் அதற்கும் இதே கதிதான் வந்திருக்கும். உதிரிபாகம் வாங்கிவைக்கவும், பராமரிப்பு ஆட்களைக் குறைக்காமல் வைத்திருக்கவும் பணம் ஒதுக்காத இடத்தில் எந்தத் தானியங்கி வண்டியும் நிலைக்காது. பயணிகளான நாம் புது வண்டி வேண்டும் என்று கேட்பதைவிட, இருப்பதை யார் பார்க்கிறார்கள், எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று விடாமல் கேட்க வேண்டும். கேட்பது நம் உரிமை.

நம் நாட்டில் பாட் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், நீண்டநாள் கார் நிறுத்துமிடங்களில் போடலாம் என்பேன். விடியற்காலை மூன்று மணிக்குக் கைக்குழந்தையோடு இறங்கும் ஒரு பெண், இருட்டில் வேனுக்குக் காத்து நிற்காமல் வெளிச்சமான கூடத்துக்குள் போய் உடனே ஏற முடியும் என்றால் அதற்குச் செலவழிக்கலாம்.

இது புது விஷயமா, பழசா? – வாசகி, பீடோர்

பழசு. அமெரிக்காவில் மோர்கன்டவுன் என்ற பல்கலைக்கழக ஊரில் 1975-லிருந்து ஓடுகிறது, ஆனால் அங்கே வண்டி பெரிது, 20 பேர் ஏறலாம். நெதர்லாந்தில் ஸ்கிபோல் விமான நிலையத்தின் கார் நிறுத்துமிடத்தில் 1997-லிருந்து சில ஆண்டுகள் ஒரு தானியங்கிச் சிறு பஸ் ஓடியது. அபுதாபியின் மஸ்தார் நகரில் 2010. ஹீத்ரோவில் 2011. ஹீத்ரோ வண்டியை உருவாக்கியவர் பிரிஸ்டல் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்ட்டின் லோசன். இளம் வயதில் அமெரிக்காவில் அப்போலோ ராக்கெட் வேலையில் இருந்தவர். நிலவுக்கு ஆள் அனுப்பும் வேலையைப் பார்த்தவர், கார் நிறுத்துமிடத்திலிருந்து ஆளைக் கொண்டுவந்து சேர்ப்பதையும் அதே அக்கறையோடு யோசித்திருக்கிறார். எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை.

அண்ணே, நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். இப்போது விமான நிலையப் பக்கம் ஓட்டல் வேன் ஓட்டுகிறேன். இரண்டு பிள்ளைகள். இந்த வண்டியெல்லாம் வந்தால் எங்கள் பிழைப்பு என்ன ஆகும்? – வாசகர், பந்திங்

தம்பி, ஒன்றும் ஆகாது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஹீத்ரோவில் முன்பெல்லாம் அந்தக் கார் நிறுத்துமிடத்துக்குப் பஸ்தான் ஓடியது, பாட் வந்ததும் அந்த வேலை போனது. அதே மாதிரி இங்கேயும் நடக்கலாம். ஆனால் பாட் வண்டிக்குத் தனிப் பாதை கட்ட வேண்டும், தூண் எழுப்ப வேண்டும், அதற்கு ஆகும் காசும் காலமும் கொஞ்சமல்ல. நீங்கள் போகும் ஓட்டல் தெருவுக்குள் அது வராது. உங்களுக்கு அவகாசம் இருக்கிறது.

அந்த அவகாசத்தை விட்டுவிடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுதல். ரப்பர் பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டபோது நம்மிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோதும் சொல்லவில்லை. தோட்டத்து லய வீட்டைக் காலி செய்யச் சொன்ன பிறகுதான் எத்தனையோ குடும்பம் வேலை தேடியது. உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

ஓட்டுநர் இல்லாத வண்டிக்கு டயர் மாற்ற, மின்கலம் சோதிக்க, கதவு மோட்டார் பார்க்க, கட்டுப்பாட்டு அறையில் இரவெல்லாம் உட்கார ஆள் வேண்டும். அந்த வேலைக்கு எஸ்கேஎம் என்ற மலேசியத் திறன் சான்றிதழ் கேட்பார்கள். வேனை நீங்களே பழுது பார்க்கிறவர் என்றால் வகுப்பில் போய் உட்காராமல், செய்த வேலையையே சான்றாகக் காட்டி எஸ்கேஎம் வாங்க ‘பிபிடி’ என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மனிதவள அமைச்சின் திறன் மேம்பாட்டுத் துறையான ஜேபிகேயில் விசாரியுங்கள். இதுவரை செய்த பழுதுவேலைகளின் படம், ரசீது, முதலாளி எழுதிக் கொடுத்த கடிதம் எல்லாவற்றையும் இன்றிலிருந்தே ஒரு கோப்பில் சேருங்கள். மின்வேலையில் ஆர்வம் இருந்தால், மின் அமைப்புகளைப் பொறுப்பெடுத்துப் பார்க்கும் சார்ஜ்மேன் தகுதிக்குப் படிக்கலாம், என் பிள்ளைகளைப் படிக்கவைத்தது அந்தச் சான்றிதழ்தான்.

கோப்பு தயாரானதும் பத்திரிகை அலுவலகத்துக்கு எழுதுங்கள், எனக்குச் சேர்த்துவிடுவார்கள். விண்ணப்பத்தை இருவரும் சேர்ந்து நிரப்பலாம்.