ஆற்றங்கரையில் வெயிலில் உட்கார்ந்து வரைவதற்குப் பதில் போட்டோ எடுத்து வீட்டில் வரையக்கூடாதா?

வரையலாம், ஆனால் போன் கேமரா வெளிச்சத்தையும் நிறத்தையும் தானாகவே சரிக்கட்டிவிடும். திருநெல்வேலி குறுக்குத்துறையில் தாமிரபரணிக்குள் இருக்கும் முருகன் கோயிலைச் சாயங்காலம் பாருங்கள், கல் மண்டப நிழலுக்குள் லேசான ஊதா தெரியும், அது போட்டோவில் பெரும்பாலும் வராது. அப்புறம் நம்ம ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கம், சூரியன் கிட்டத்தட்ட நேர்க்குத்தாக இறங்குவதால் மஞ்சள் வெயில் ஐரோப்பாவில் நிற்கிற அளவுக்கு நிற்காது. பாபநாசம் பக்கம் மலை இன்னும் சீக்கிரமே மறைத்துவிடும். பிரான்ஸில் ஓவியர் மோனே 1892, 1893-இல் ரூவான் நகரத் தேவாலயத்தை வரைந்தபோது பல கான்வாஸ்களை வைத்துக்கொண்டு வெளிச்சம் மாற மாற அடுத்ததை எடுத்தார். இங்கே அதற்கு நேரம் ஏது? நிழலின் எல்லையைச் சட்டென்று கோடு போட்டு, நிறத்தைப் பிடித்துவிட்டு, மிச்சத்தை மறுநாள் அதே நேரத்துக்கு வந்துதான் முடிக்க வேண்டும். சாரல் காலத்தில் வாட்டர்கலர் லேசில் காயாது, அது தனி வயிற்றெரிச்சல்.